கூமுட்டையா, கைக்குற்றமா: நச்சுப்பாம்பு இனப்பெருக்கத்தில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

பாம்பு வீட்டு வேலையில் ஒரு தொல்லை உண்டு. ஆனியில் முட்டை அழுகும், அதன் காரணம் மார்கழியில் கிடக்கும். கோளாறு கண்ணில் படும் நாளில் அதைச் செய்த கையே மறந்துபோயிருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும், இன்று என்ன செய்வது என்பதோடு தினமும் குறித்து வைக்கும் நோட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நோட்டு இல்லாதவர் முதலில் ஒன்று வாங்கிவிட்டு வரவும்.

உரிமம் பெற்ற உயிரியல் பூங்கா, பாம்புப் பண்ணை ஆட்களுக்கும், வனத்துறை அனுமதியோடு மீட்ட முட்டைகளைப் பொரிக்க வைப்பவர்களுக்கும்தான் இது. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நல்ல பாம்பை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். "அலமாரியில் ஒரு ஜோடி இருக்கிறது, குட்டி எடுக்க வேண்டும்" என்பவருக்கு என்னிடம் ஒரே வழிமுறைதான்: வனத்துறைக்குப் போன் போடுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையைத் தனி ஆளாகச் செய்யாதீர்கள். நம் நாட்டில் கிடைக்கும், பல பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்த முறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்குத்தான். ராஜநாகத்துக்கும் குழி விரியன்களுக்கும் அது தயாரிக்கப்பட்டதல்ல. எந்தக் கூண்டைத் திறக்கிறோம், கடி பட்டால் எந்த ஆஸ்பத்திரி, வண்டி யாருடையது என்று தெரியாமல் பூட்டில் சாவியை வைக்கக்கூடாது.

ஜோடி சேர்த்து ஒரு மாதம், பிணையவே இல்லை

முதலில் அது ஜோடிதானா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், நான் ஒரு முழுப் பருவம் இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் வைத்துக்கொண்டு பெயரெல்லாம் யோசித்திருக்கிறேன். ஆணுக்கு வால் நீளம், கழிவுத்துளைக்குக் கீழே தடித்துப் பிறகு மெல்லச் சிறுக்கும். பெண்ணின் வால் சட்டென்று மெலிந்து முடியும். கண்ணால் சொல்ல முடியாதபோது பாம்பின் தலையைக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் குழாய்க்குள் ஏறவிட்டு, உடம்பில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போனதும் குழாயையும் உடம்பையும் சேர்த்துப் பிடித்து, மருத்துவர் கழிவுத்துளை வழியே வால்பக்கமாகக் கம்பி விட்டுப் பார்ப்பார். கம்பி ஆணில் ஆழமாக இறங்கும், பெண்ணில் மூன்று நாலு செதில் தூரத்தில் நின்றுவிடும். குழாய் பாம்பு திரும்ப முடியாத அளவுக்கு ஒடுக்கமாக இருக்க வேண்டும். "கொஞ்சம் பெரிசு, பரவாயில்லை" என்ற குழாயில் திரும்பி வந்த தலையை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டும் நிமிர்ந்து பின்னிக்கொண்டு, ஒன்றை ஒன்று தரையில் அழுத்துகிறதென்றால் அது காதல் இல்லை, மல்யுத்தம். இரண்டும் ஆண். சாரையும் நாகமும் பிணைகிறது என்று ஊரே கூடி வேட்டி போட்டுப் புண்ணியம் தேடும் காட்சியிலும் நடப்பது இதுதான்: இரண்டு ஆண் சாரைகள் பலம் பார்க்கின்றன. பிணையல் இவ்வளவு ஆர்ப்பாட்டமாக இருக்காது. ஆண் நாக்கை நீட்டி நீட்டிப் பெண்ணின் முதுகோடு ஊர்ந்து, வாலை வாலுக்கு அடியில் கொண்டுபோய், மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ஆண், பெண் சரி, ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லையா? நோட்டில் மார்கழி, தை பக்கத்தைப் பாருங்கள். ராத்திரி வெப்பம் எவ்வளவு? வருஷம் முழுக்க 30 டிகிரி என்று ஹீட்டரைப் பூட்டி வைத்த அறையில் பாம்புக்குப் பருவமே வராமல் போகலாம். வெளியே பனி விழும்போது உள்ளேயும் இரவில் சில டிகிரி இறங்கட்டும். பகலில் வெயில் காயும் மூலை மட்டும் இருந்தால் போதும். நோயாளிப் பாம்பையும், அப்போதுதான் இரை தின்ற பாம்பையும் குளிரில் விடக்கூடாது, தின்ற இரை வயிற்றிலேயே அழுகிவிடும். குளிர் முடிந்து சூடு ஏறும்போது ஜோடி சேருங்கள். அந்த நாட்களில் ஆண் இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது நல்ல அறிகுறி, ஊசி போட ஓடாதீர்கள்.

கடைசிக் காரணம் கொழுப்பு. வாரம் ஒரு எலி என்று கொழுத்துப்போன பெண் பிணையவும் பிணையாது, தப்பித்தவறிப் பிணைந்தாலும் முட்டையிடத் திணறும்.

பெண் இரை எடுக்கவில்லை, அடிவயிறு பருத்திருக்கிறது

சினையாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலையே வேண்டாம். மருத்துவர் ஸ்கேன் எடுத்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். மீட்டு வந்த பெண்ணாக இருந்தால், நம் கூண்டில் ஆணே இல்லையே என்று நினைத்து விட்டுவிடக்கூடாது. காட்டிலேயே பிணைந்து வந்திருக்கும். விந்துவைப் பல மாதம் உள்ளே சேமித்து வைக்கவும் பாம்புக்குத் தெரியும்.

முட்டையிடுமுன் ஒரு சட்டை உரிக்கும். பிறகு கூண்டின் நாலு மூலையையும் அளக்க ஆரம்பிக்கும், ராத்திரி பகல் தெரியாமல் சுற்றும். இந்த அலைச்சலைப் பார்த்த நாளே பானை வையுங்கள். குறுகிய வாயுள்ள மண்பானை, உள்ளே ஈரமான தேங்காய் நார்த்தூள் அரைப்பானை. நல்ல பாம்பு காட்டில் எலி வளையிலும் புற்றிலும் முட்டையிடுவது. இருட்டும் நெருக்கமும் ஈரமும்தான் அது தேடுவது.

பானை வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று என் இரண்டாம் வருஷத்தில் பார்த்தேன். காலை ஆறு மணி. தண்ணீர்த் தொட்டியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. கிட்டே போனால் 14 முட்டை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தண்ணீருக்கு அடியில். கூண்டில் ஈரமாக இருந்த ஒரே இடம் அதுதான். பாவம், அதற்குத் தெரிந்த நல்ல இடத்தில் இட்டிருக்கிறது. எவ்வளவு நேரம் மூழ்கிக் கிடந்ததோ. துடைத்து வைத்துப் பார்த்தேன், மூன்று பொரிந்தன. தண்ணீரில் கிடந்தால் உடனே எறிந்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பாதி இட்டுவிட்டு நிறுத்திவிட்டது

ஒரு பகல் காத்திருக்கலாம். பானை இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா, யாராவது அரைமணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசிக் காரணம்தான் அதிகம். முட்டையிடும் பாம்பு பயந்தால் நிறுத்திவிடும். கண்ணாடியை மறைத்து, அறையை இருட்டாக்கிவிட்டு வெளியே வாருங்கள்.

மறுநாளும் அப்படியே முக்கிக்கொண்டு கிடந்தாலோ, கழிவுத்துளை வீங்கினாலோ மருத்துவர் வர வேண்டும். கையால் தள்ளி எடுக்கும் வித்தை சிலர் காட்டுவார்கள். கருக்குழாய் கிழிந்து பாம்பு செத்துப்போகலாம். பசுவுக்குப் போடும் ஆக்சிடோசின் ஊசி பாம்பிடம் அவ்வளவாக வேலை செய்வதில்லை. அடைத்துக்கொண்டிருக்கும் முட்டையாக இருந்தால் கெடுதலும்கூட. அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

முட்டை: குழிவு, பூஞ்சணம், வியர்வை, மஞ்சள்

பெரும்பாலான கேள்விகள் இங்கேதான் வரும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதலில் எடுப்பது. நல்ல பாம்பு முட்டையைச் சுற்றிக்கொண்டு காவல் இருக்கும். பானை வாயில் படம் எடுத்து நிற்கும் தாயை ஒருவர் கொக்கியாலும் தடுப்புப் பலகையாலும் பக்கத்துப் பெட்டிக்குத் திருப்பி, பெட்டியைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்த பிறகுதான் இன்னொருவர் பானையைத் தொடுவது. முட்டை எப்படிக் கிடந்ததோ, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ, அதே நிலையில் எடுக்க வேண்டும். பென்சிலால் உச்சியில் ஒரு சின்னக் கோடு போடுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம். கரு ஒரு நாளைக்குள் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு உருட்டினால் மூச்சு முட்டிச் சாகும். கோழி முட்டையைத் திருப்பி வைத்துப் பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். ஒட்டிக்கொண்ட முட்டைகளைப் பிரிக்காமல் கொத்தாகவே வையுங்கள்.

முட்டைக்குப் படுக்கை வெர்மிகுலைட், அதாவது ஈரம் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துகள். அதுவும் தண்ணீரும் எடைக்கு எடை. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், சொட்டக்கூடாது. முட்டை பாதி புதைந்திருக்கட்டும். மூடி போட்ட டப்பாவை மொத்தமாக எடை போட்டு, மூடியிலேயே எழுதிவிடுங்கள். வாராவாரம் எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது. அதே அளவை ஓரத்தில் ஊற்றினால் போதும். ஈரமானிகளைவிட இந்தத் தராசைத்தான் நான் நம்புகிறேன்.

இனி அறிகுறிகள். முதல் சில வாரத்தில் எல்லா முட்டையும் ஒருசேரக் குழிந்தால் வறட்சி. ஓரத்தில் தண்ணீர் ஊற்றுங்கள், முட்டை மேல் ஊற்றாதீர்கள். ஒன்று இரண்டு நாளில் மறுபடி நிமிரும். ஒன்று மட்டும் குழிந்து மற்றவை கல்லுப்போல இருந்தால் பெரும்பாலும் அந்த ஒன்று போய்விட்டது. கடைசி வாரங்களில் எல்லாமே தளர்ந்து குழிந்தால் நல்ல செய்தி, பொரியப் போகிறது. அப்போது பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றுபவர்தான் குஞ்சை மூழ்கடிப்பார். ஒரே மாதிரிக் குழிவு, நாளைப் பொறுத்து நேர்மாறான வைத்தியம். முட்டையிட்ட தேதி நோட்டில் இல்லையென்றால் இரண்டில் எது என்று சொல்லவே முடியாது.

மாறாக முட்டை உப்பி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றால் ஈரம் அதிகம். மூடியை ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். மூடியின் உள்பக்கம் வியர்த்து முட்டை மேல் சொட்டுகிறதா? டப்பாவின் ஒரு பக்கத்துக்கு அடியில் பென்சில் ஒன்றை வைத்துச் சாய்த்தால் துளிகள் ஓரமாக வழிந்துபோகும். செலவில்லாத வைத்தியம்.

மஞ்சளாகப் பிறந்து, சின்னதாக, தொட்டால் மெழுகுபோல் இருந்தால் கூமுட்டை. சந்தேகம் இருந்தால் பத்து நாள் கழித்து இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டையோடு ஒட்டிப் பிடியுங்கள், முட்டையைத் தூக்க வேண்டாம். உயிர் இருந்தால் உள்ளே சிவப்பு நரம்பு வேர்போலப் படர்ந்து தெரியும். கூமுட்டை வெறும் மஞ்சள் விளக்காக எரியும்.

பூஞ்சணம் பெரும்பாலும் கூமுட்டையில் தொடங்கிப் பக்கத்துக்குப் பரவும். தனியாகக் கிடந்தால் எடுத்துவிடலாம். கொத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், பக்கத்து முட்டையின் தோலும் சேர்ந்து வரும். காய்ந்த பஞ்சுக்குச்சியால் தினமும் துடைத்தால் போதும். உயிருள்ள முட்டை பூஞ்சணத்தோடு சண்டை போட்டுப் பொரிந்துவிடும். பச்சையாகப் பாசி படிந்த முட்டையிலிருந்து அப்பழுக்கில்லாத குஞ்சு வந்து பார்த்திருக்கிறேன்.

மே மாதம், இன்குபேட்டர் எரியவே இல்லை, ஆனாலும் வெப்பம் ஏறுகிறது

வெளிநாட்டு வழிமுறைகள் எல்லாம் முட்டைக்குச் சூடு கொடுப்பது எப்படி என்று பேசும். நமக்குச் சிக்கல் வேறு. நல்ல பாம்பு முட்டை சித்திரை வைகாசியில் வரும், கூடவே அக்னி நட்சத்திரமும் வரும். முட்டைக்கு வேண்டியது 28 முதல் 30 டிகிரி. தகரக் கூரை போட்ட அறை மதியம் 37 காட்டும். ஹீட்டர் அணைந்தே கிடக்கும், முட்டை வெந்துகொண்டிருக்கும்.

இதன் விலையும் உடனே தெரியாது. ஒரு கோடையில் எங்கள் பெட்டியின் வெப்பமானி சுவரோரம் இருந்தது, அது 30தான் காட்டியது. ஆடியில் பொரிந்த 11 குஞ்சில் நாலுக்கு முதுகெலும்பு கோணல். தாயைக் குறை சொன்னோம், ரத்த உறவு என்றோம். பிறகு வெப்பமானியின் முனையை முட்டைக்குப் பக்கத்திலேயே டப்பாவுக்குள் விட்டுப் பார்த்தால் மதிய நேரத்தில் 34ஐத் தாண்டியது.

ஆகவே முனை டப்பாவுக்குள் இருக்கட்டும். கட்டடத்தின் தாழ்ந்த, வடக்குப் பார்த்த அறையைத் தேர்ந்தெடுங்கள். ஏசி இல்லையென்றால் தெர்மாகோல் பெட்டிக்குள் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வைத்தால் கரண்ட் போனாலும் சூடு சட்டென்று ஏறாது, இறங்காது. பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "வளை எவ்வளவு ஆழம் இருக்கும்னு தோண்டிப் பாத்திருக்கியா சாமி?" என்று கேட்டார். கையை விட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும், வெளியே கொளுத்தும்போதும் வளைக்குள் எவ்வளவு குளுமை என்று. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்குகிறது. பிடித்த பாம்பைப் பானையில் வைத்து, நாலு முறை விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் குறியிட்டு, காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

நாள் கடந்தும் பொரியவில்லை. அல்லது தலையை நீட்டிவிட்டு வெளியே வரவில்லை

நல்ல பாம்புக்கு ஏறக்குறைய 48 முதல் 69 நாள். குளுமையாக வைத்தால் தள்ளிப்போகும். 60ஆம் நாள் கத்திரிக்கோலைத் தேடாதீர்கள். டார்ச்சில் நரம்பு தெரிகிறதா, நாற்றம் இல்லையா, காத்திருங்கள்.

குஞ்சு முட்டைப் பல்லால் தோலைக் கீறி மூக்கை நீட்டும். அதன் பிறகு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருக்கும். உள்ளே மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. பிடித்து இழுத்தால் மஞ்சள் கருப் பை தொப்புளோடு பிய்ந்து ரத்தம் வரும். நீட்டிய மூக்குக்கு முன்னால் விரலைக் கொண்டுபோகவும் வேண்டாம்: முட்டைக்குள் இருந்துகொண்டே படம் எடுக்கும், கடிக்கும், விஷமும் இருக்கும். ஒன்று வெளியே வந்து இரண்டு நாளாகியும் மற்றவை கீறவில்லை என்றால் மட்டும் மருத்துவரோடு உட்கார்ந்து, உச்சியில் ஒரு சின்னக் கீறல் போட்டுப் பார்ப்பதைப் பற்றிப் பேசலாம்.

கணக்கில் ஒன்று குறைகிறது

கதவைச் சாத்துங்கள். கதவடி இடுக்கில் ஈரத்துணியை அடையுங்கள். பிறகு எண்ணுங்கள், இன்னொருவரும் எண்ணட்டும். குட்டி ஒரு சாண் நீளம், பென்சில் தடிமன்; காற்றுத்துளை அரை விரல் இருந்தால் போய்விடும். கட்டு விரியன் குட்டிகளை ஒரே டப்பாவில் விட்டிருந்தால் வேறு பதில் டப்பாவுக்குள்ளேயே இருக்கும்: ஒன்று மட்டும் தடிமனாகத் தெரியும். பாம்பு தின்னிகளைப் பொரிந்த அன்றே ஆளுக்கொரு டப்பாவாகப் பிரித்துவிட வேண்டும்.

குட்டிக்கு விஷத்தை அடக்கத் தெரியாது, அதனால் தாயைவிட அதுதான் ஆபத்து என்று ஒரு கதை உலவுகிறது. பெரிய பாம்பின் பையில் இருப்பது பல மடங்கு அதிகம். அதற்காகக் குட்டிக் கடியை அலட்சியம் செய்யலாம் என்று அர்த்தமில்லை. எது கடித்தாலும் நேரே ஆஸ்பத்திரி.

குட்டி சாப்பிட மாட்டேன் என்கிறது

முதல் சட்டை உரித்துவிட்டதா? ஓரிரு வாரத்தில் அது நடக்கும், அதுவரை வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. உரித்த பிறகும் எலிக்குஞ்சைத் தொடவில்லை என்றால், எலிக்குஞ்சு அதன் கண்ணுக்கு இரையே இல்லை என்று பொருள். எலிக்குஞ்சைத் தேரையின் முதுகில் தேய்த்துக் கொடுங்கள். பல்லியின் வாசம் பிடிக்கும் குட்டியும் உண்டு. ராத்திரி கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுங்கள். உயிருள்ள தவளையைத் தினம் கொடுப்பது சுலபம்தான், கூடவே குடற்புழுவும் வரும். வாயைத் திறந்து திணிப்பது கடைசி வழி, அதையும் மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

கண்ணாடி விரியன் பாதியைச் செத்தே போட்டது

இது முட்டையிடாது, குட்டி போடும். 20 முதல் 40 வரை சாதாரணம். குட்டியாக வளராத சில கருமுட்டைகளும் ஒன்றிரண்டு செத்த குட்டியும் கலந்து வருவது வழக்கம். பாதி என்றால் நோட்டில் சினைக்காலத்தைப் பாருங்கள். சினை விரியன் வெயில் காய விரும்பும், பிறகு நிழலுக்குப் போகும். கூண்டு முழுக்க ஒரே வெப்பமாக இருந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. தண்ணீரும் பற்றாமல் இருந்திருக்கும்.

ராஜநாகம்: ஆண் பெண்ணையே கடித்துவிட்டது

பாம்பைத் தின்பதுதான் இதன் பிழைப்பு, எனவே பசித்த ஆணைப் பெண்ணிடம் விடாதீர்கள். வேறு ஆணோடு பிணைந்த பெண்ணை ஆண் கொல்வது கர்நாடகத்தின் ஆகும்பே காட்டில் பதிவாகியிருக்கிறது. முதலில் வலைத் தடுப்புக்கு இருபுறமும் வைத்து நாட்கணக்கில் பாருங்கள். பெண் கூடு கட்டவில்லை என்றால் கூண்டில் சருகு இல்லை என்று அர்த்தம். மூங்கில் சருகை மூட்டை மூட்டையாகக் கொட்டுங்கள், உடம்பை வளைத்து அதுவே இழுத்துக் குவித்துக்கொள்ளும். சேர்க்கும் முன் இன்னொன்றையும் பாருங்கள்: 2024இல் ராஜநாகத்தை நாலு இனமாகப் பிரித்துவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது காளிங்கா என்ற இனம். பழைய பதிவேட்டில் வெறும் "ராஜநாகம்" என்று எழுதியிருந்தால், ஆணும் பெண்ணும் எந்தக் காட்டிலிருந்து வந்தன என்று தெரியாமல் ஜோடி சேர்க்காதீர்கள்.

எல்லாம் நன்றாகப் பொரிந்தன, டப்பா வைக்க இடமில்லை

இதுவும் ஒரு கோளாறுதான், ஜோடி சேர்த்த அன்றே நடந்த கோளாறு. பூங்காவில் பிறந்த 20 நல்ல பாம்பை எந்தப் பூங்காவும் கேட்டு வாங்காது. யாருக்கு, எத்தனை என்று எழுத்தில் இல்லாமல் ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விடாதீர்கள்.

மீட்ட முட்டையாக இருந்தால் வழி சுலபம். இரை பழக்கவே வேண்டாம். முதல் சட்டை உரித்ததும் வனத்துறை ஆளோடு போய், தாயைப் பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள். போன ஆடியில் ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால் எலி வளை வாயில் டப்பாவைச் சாய்த்தோம். 16 குட்டி. 15 ஐந்து நிமிஷத்தில் போய்விட்டன. ஒன்று மட்டும் மூலையில் சுருண்டு, விரல் அகலப் படத்தை எடுத்துக்கொண்டு எங்களையே பார்த்தது. வனக்காவலர் கையெழுத்துப் போட நோட்டை நீட்டினார். இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறது, பொறுங்கள் என்றேன். அந்தி சாயும்வரை சூளை நிழலில் உட்கார்ந்திருந்தோம்.